மூன்று விரற்கடை

ஆபீசர்ஸ் லைனில், மூன்றாவது மாடி.
காப்பீட்டுக் கோப்புகளுக்கு எண் போடுகிற வேலை.
பித்தப்பைக்கு ஓர் எண், பிரசவத்துக்கு ஓர் எண்,
முதுகுவலிக்கும் உண்டு.
அதை நாளைக்கு நாற்பது தடவை தட்டிவிட்டு
என் முதுகை நினைக்காமல் வீட்டுக்குப் போவேன்.

புது நாற்காலிகள் வந்த அன்று கேக் வெட்டினார்கள்.
சக்கரம் ஐந்து, வலைத்துணிச் சாய்மானம்,
கை வைக்க ஒன்று, தலை வைக்க ஒன்று.
பதினாலாயிரமாம்.
என் சம்பளத்துக்கு ஆயிரம்தான் கம்மி.
அதனால் மரியாதையோடு உட்கார்ந்தேன்.

நான் நாலடி பத்தங்குலம்.
நன்றாகப் பின்னால் சாய்ந்தால்
முழங்காலுக்குப் பின்னே ஒரு மெத்தென்ற குழி உண்டே,
(தமிழில் அதற்குப் பெயர் இருக்கும், எனக்குத் தெரியாது)
அங்கே வந்து பதியும் இருக்கையின் விளிம்பு.
பதினொரு மணிக்குப் பாதத்தில் எறும்பு ஊரும்.
பன்னிரண்டுக்குப் பாதமே இருக்காது.
முன்னால் நகர்ந்தால்
கால் பிழைக்கும்; முதுகு அந்தரத்தில்.

எங்கள் ஊரைக் கேலி பேசுவார்களே,
தண்ணியில்லா ஆறு, ராஜாவில்லாக் கோட்டை என்று.
அந்தப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்:
முதுகு தொடாச் சாய்மானம்.

உயரத்தைக் குறை என்றாள் தனபாக்கியம்.
குறைத்தேன். மேசை கழுத்துக்கு வந்தது.
தலையணை வை என்றாள்.
தலையணை சுகமாக இருந்தது, நான் இல்லை.
கல்யாணமானால் எல்லாம் சரியாகும் என்றார்
கணக்குப் பிரிவில் ஒருத்தர்,
எதைக் கேட்டாலும் அதையே சொல்கிறவர்.

ஏழு மாதம் போனது.
அக்னி நட்சத்திரம். கரண்ட் இல்லை.
ஏசி நின்ற அறையில் பதினெட்டுப் பேர் வேர்த்துக்கொண்டிருக்க
என் கம்மலின் திருகாணி கழன்று உருண்டது.
போன் வெளிச்சத்தோடு நாற்காலிக்கடியில் தவழ்ந்தேன்.
திருகாணி கிடைக்கவில்லை.
வலப்பக்கம், இருக்கைக்குக் கீழே,
நாக்கு மாதிரி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக்.

இழுத்தேன்.
மொத்த இருக்கையும்
மேசை டிராயர் போல உள்ளே போயிற்று.

உட்கார்ந்தேன். முதுகு உடனே நம்பவில்லை.
கொஞ்சம் கொஞ்சமாக,
ஓரகத்தி வீட்டுச் சோபாவில் சாய்கிற மாதிரி, சாய்ந்தது.
விளிம்புக்கும் காலுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன்.
மூன்று நுழைந்தன.
நெற்றியில் திருநீறு இடுகிற அகலம்.
இவ்வளவுக்காகவா ஏழு மாதம் என்று
அழுகை வந்தது, சிரிப்பும்.

மறுநாள் காலை கணினித் திரையில் ஒரு மஞ்சள் சீட்டு.
'யாரோ சீட்டைக் குட்டையாக்கிவிட்டார்கள்.
பாதித் தொடை வெளியே. கிளையில் உட்கார்ந்த மாதிரி ராத்திரி முழுக்க.
– இர்ஃபான் பாஷா, நைட் ஷிப்ட்.'

இந்த நாற்காலிக்கு ராத்திரி என்று ஒன்று இருப்பது
அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.
ஆறடி இரண்டாம், பேரணாம்பட்டாம்.
தனபாக்கியத்துக்கு எல்லாம் தெரியும்.
சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
'வலப்பக்கம் அடியில் ஒரு நாக்கு. இழுங்கள்.'

இப்போது தண்டவாளத்தில் இரண்டு கோடுகள்.
என்னுடையது சிவப்பு நகப்பூச்சு.
அவருடையது ஒயிட்னர்.
நடுவே நாலு பல்.
காலையில் நாலு 'டக்' உள்ளே,
இரவில், நான் பார்த்ததில்லை,
நாலு 'டக்' வெளியே.
ஒரு தடவை மறந்து அவர் அளவிலேயே உட்கார்ந்தேன்.
எவ்வளவு நீளமான மனிதர்.

சாயங்காலம் பாகாயம் பஸ்.
ஒரு காதில் கம்மல், ஒரு காதில் வேப்பங்குச்சி.
தொங்குகிற காலுக்கடியில் டிபன் பையை நகர்த்திக்கொள்கிறேன்.
என்னைக் கேட்காமலே கை
சீட்டுக்கடியில், வலப்பக்கம், தேடுகிறது.

துரு.
யாரோ ஒட்டிய சூயிங்கம்.
இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுப் பார்க்கிறேன்.